சூரிச்சிலிருந்து பாசல் ஃபாஸ்நாக்ட்: ஒரே இரவில் போய் வர முடியுமா?

கேள்வி இது: சூரிச்சில் முதுநிலை முதல் வருடம் படிக்கிறீர்கள். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் மூன்று நாள் நடக்கும் முகமூடித் திருவிழாவான ஃபாஸ்நாக்ட்டின் தொடக்கத்தைப் பார்க்க ஞாயிறு இரவு கிளம்பி, திங்கள் காலை 10:15 வகுப்புக்குத் திரும்பிவிட வேண்டும். ஓட்டலில் தங்க வசதியில்லை. வேடம் போட வேண்டுமா என்று தெரியவில்லை. கூட வரும் தோழி சைவம். போவது பிரயோசனமா, போனால் எதைப் பார்ப்பது?

போங்கள். வகுப்பையும் விட வேண்டாம். பாசலில் பல வருடங்களாக இருக்கிறேன். இந்த ஊருக்கு வெளியிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலோர் எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்க ஆசைப்பட்டு, கூட்டத்தில் நின்று கால் வலித்து, பாதி பார்த்து, பாதி தூங்கித் திரும்புகிறார்கள். நீங்கள் அப்படிச் செய்ய வேண்டியதில்லை. அதிகாலை நான்கிலிருந்து ஏழு வரை உள்ள மூன்று மணி நேரமே தனியாக ஒரு முழு விழா. மீதியை வேறொரு நாள் வைத்துக்கொள்ளலாம், எப்படி என்று கீழே சொல்கிறேன்.

முதலில் பயணம். சூரிச்சிலிருந்து பாசலுக்கு ரயிலில் ஒரு மணி நேரம்தான். இந்த ஒரு இரவுக்காகவே நாட்டின் பல ஊர்களிலிருந்தும் நள்ளிரவுக்கு மேல் சிறப்பு ரயில்கள் விடுகிறார்கள். நான்கு மணிக்குள் வந்து சேர்கிற மாதிரி நேரம் வைத்திருப்பார்கள். ரயில்வே ஆப்பில் தேடும்போது தேதியைத் திங்கள் என்று போடுங்கள். ஞாயிறு என்று போட்டுவிட்டு ரயிலே இல்லை என்று நினைக்கிறவர்கள் உண்டு. அரைக்கட்டண அட்டை வைத்திருந்தால் போகவர நாற்பது பிராங்குக்குள் முடிந்துவிடும். கடைசி சிறப்பு ரயிலுக்குக் காத்திருக்காதீர்கள், அதற்கு முந்தையதைப் பிடியுங்கள். மூன்று, மூன்றேகாலுக்கு பாசல் எஸ்பிபி நிலையத்தில் இறங்கிவிட்டால் நிதானமாக நடக்கலாம். ஊரின் நடுப்பகுதிக்குள் அந்த நேரத்தில் டிராமை எதிர்பார்க்க வேண்டாம். நடை பதினைந்து நிமிடம், கூட்டம் போகிற திசையிலேயே போனால் போதும்.

போகிற வழியில் நாடக அரங்கின் முன் ஒரு நீரூற்று இருக்கும். ஆழமில்லாத குளத்தில் கறுப்பு இரும்பு உருவங்கள் தண்ணீரை வாரி வாரி இறைத்துக்கொண்டிருக்கும். கடும் குளிரில் அவை மேல் பனிக்கட்டி தொங்கும். சிற்பி ழான் டிங்கலி 1977-இல் செய்தது. இடிக்கப்பட்ட பழைய நாடக அரங்கின் மேடைச் சாமான்களை வைத்தே அந்த இயந்திரங்களைச் செய்தார். அதன் பெயரே ஃபாஸ்நாக்ட் நீரூற்று. அவர் இந்த விழாவில் ஒரு குழுவோடு சேர்ந்து தெருவில் இறங்கியவரும்கூட. இந்த ஊரில் கலைஞர்களுக்கும் இந்த மூன்று நாட்களுக்கும் உள்ள உறவு எப்படிப்பட்டது என்பதை நான்கு மணிக்குப் பிறகு நீங்களே பார்ப்பீர்கள்.

தேதி பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில்தான் பலர் தவறுகிறார்கள். ஐரோப்பாவில் பெரும்பாலான இடங்களில் கார்னிவல், ஈஸ்டருக்கு முந்தைய கிறிஸ்தவ நோன்பு தொடங்கும் சாம்பல் புதனோடு முடிந்துவிடும். பாசலில் சாம்பல் புதனுக்கு அடுத்த திங்களன்றுதான் தொடங்கவே தொடங்கும். 1091-இல் நடந்த பெனவெந்தோ திருச்சபைக் கூட்டம், நாற்பது நாள் நோன்பில் ஞாயிறுகளைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று முடிவு செய்தது. அதனால் நோன்பின் தொடக்கம் சில நாட்கள் முன்னால் போனது. பாசல் பழைய கணக்கிலேயே நின்றுவிட்டது. 1529-இல் ஊர் புராட்டஸ்டண்ட் சீர்திருத்தச் சபைக்கு மாறிய பிறகும், நோன்பே இல்லாமல் போன பிறகும், விழாவை விடவில்லை. 2027-இல் பிப்ரவரி 15 திங்கள், 2028-இல் மார்ச் 6 திங்கள். திங்கள் அதிகாலை நான்கு மணிக்குத் தொடங்கி வியாழன் அதிகாலை நான்கு மணிக்கு முடியும், சரியாக 72 மணி நேரம். ஊர்க்காரர்கள் இதை "மிக அழகிய மூன்று நாட்கள்" என்றுதான் சொல்வார்கள்.

இதைப் பற்றிய முதல் எழுத்துச் சான்று 1376-ஆம் ஆண்டுடையது, அது ரத்தக்கறை படிந்த ஒன்று. 1356 நிலநடுக்கத்திலும் அதைத் தொடர்ந்த தீயிலும் ஊரின் பழைய ஆவணங்கள் அழிந்துவிட்டதால் அதற்கு முந்தையது கிடைக்கவில்லை. 1376-இல் ஹாப்ஸ்பர்க் வம்சத்துப் பிரபு லெயோபோல்ட் தன் வீரர்களோடு வந்து ஆலயச் சதுக்கத்தில் போர் விளையாட்டு நடத்தினார். ஊர் மக்கள் கொதித்தெழுந்து தாக்கினார்கள். சில பிரபுக்கள் செத்தார்கள். அதற்குத் தண்டனையாக ஊர்க்காரர்கள் பன்னிரண்டு பேரின் தலை துண்டிக்கப்பட்டது. அந்தச் சதுக்கம்தான் இன்று லாந்தர் விளக்குகளை வரிசையாக நிறுத்தி வைக்கும் இடம். அதிகாரத்தில் இருப்பவர்களைக் கேலி செய்கிற குணம் இந்த விழாவில் இவ்வளவு ஆழமாக இருப்பதை நான் வேடிக்கையாக மட்டும் பார்ப்பதில்லை.

இப்போது நான்கு மணிக்கு வருவோம். இதன் பெயர் மோர்கெஷ்ட்ரைக்.

மூன்றரை மணியளவில் தெருக்களில் வேடமிட்ட மனிதர்கள் ஆங்காங்கே வந்து நிற்பார்கள். தலைமேல் சின்னச் சின்ன விளக்குகள், முகத்தில் முழு முகமூடி, கையில் குழலோ மத்தளமோ. பேச்சு குறைவு. நான்கு அடிக்கும்போது ஊரின் மையப் பகுதியில் தெருவிளக்குகள் அத்தனையும் ஒரே நொடியில் அணைந்துவிடும். மின் வாரியத்தார் இதற்காகவே ஆள் வைத்து அணைக்கிறார்கள். கடைகளின் கண்ணாடிக்குள் இருக்கும் விளக்குகளும் எரியக் கூடாது. அந்த இருட்டில் ஒவ்வொரு குழுவின் தலைவரும் "மோர்கெஷ்ட்ரைக், முன்னே நட!" என்று அவர்களுடைய பேச்சுவழக்கில் கட்டளையிடுவார். ஊரெங்கும் எல்லாக் குழுக்களும் ஒரே நேரத்தில், ஒரே மெட்டை வாசித்துக்கொண்டு நடக்கத் தொடங்கும். அந்த முதல் மெட்டின் பெயரும் மோர்கெஷ்ட்ரைக்தான். அது முடிந்த பிறகே ஒவ்வொரு குழுவும் தன் சொந்தப் பாடல்களுக்குப் போகும்.

விளக்கு அணைகிற அந்த நொடிக்காகவே பலர் மார்க்ட்பிளாட்ஸில், சிவப்பு நகர மண்டபத்துக்கு முன் நெருக்கியடித்து நிற்பார்கள். அங்கே போகாதீர்கள். போனால் நான்கரை மணிக்கும் அங்கேயேதான் நிற்பீர்கள், அசைய இடமிருக்காது. பார்ஃபூசர்பிளாட்ஸும் அப்படித்தான். அதற்குப் பதில் மேட்டுப்பக்கம் ஏறுங்கள்: ஷ்பாலன்பெர்க், நாடெல்பெர்க், ஹொய்பெர்க், கெம்ஸ்பெர்க். இவை கல் பாவிய குறுகிய சந்துகள். ஐந்தாறு பேர் கைகோத்து நின்றால் அடைத்துவிடும் அகலம் சில இடங்களில். மூன்றே முக்காலுக்கு அங்கே ஒரு சுவரோரம் நின்றுகொள்ளுங்கள்.

பிறகு உங்களைக் கடந்து போகிற குழுக்களில் மனதுக்குப் பிடித்த ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதன் கடைசி மத்தளக்காரருக்குப் பின்னால் நடக்கத் தொடங்குங்கள். இந்தப் பதிலில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். சாமி புறப்பாட்டில் வாகனத்துக்குப் பின்னால் ஊர் நடப்பதுபோல, இங்கேயும் குழுவின் பின்னால் யார் வேண்டுமானாலும் அதே நடையில் நடக்கலாம், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். நடை மெதுவானது, தாளம் கால்களை இழுத்துக்கொண்டு போய்விடும். பாதையை அவர்கள் அப்போதைக்கப்போது முடிவு செய்வார்கள்; ஒரு மூலையில் இன்னொரு குழு எதிரே வந்தால் ஒன்று நின்று வழிவிடும். நின்று பார்க்கிறவருக்கு இது ஊர்வலம். நடக்கிறவருக்கு ஊரே இசைக்கருவி: சந்து குறுகும்போது மத்தளம் நெஞ்சுக்குள் அடிக்கும், சதுக்கத்துக்கு வந்தால் குழல் மட்டும் மேலே போகும், திருப்பத்தில் வேறொரு குழுவின் பாடல் வந்து மோதும்.

இவர்கள் கூலிக்கு வாசிக்கும் கலைஞர்கள் அல்ல. பகலில் வங்கி, மருந்துத் தொழிற்சாலை, பள்ளிக்கூடம் என்று வேலை பார்ப்பவர்கள். சிறு வயதிலேயே குழுவின் இளையோர் பிரிவில் சேர்ந்து, வருடம் முழுக்க வாராவாரம் பயிற்சி செய்கிறார்கள். பாசல் மத்தளம் கடினமான வித்தை. பழைய போர்ப்படை மத்தளத்திலிருந்து வளர்ந்தது, ஒழுங்காக வாசிக்கவே பல வருடங்கள் ஆகும். குழல் வாசிப்பவர்களின் முகமூடியைக் கிட்டத்தில் பாருங்கள்: மூக்குக்குக் கீழே வெட்டித் திறந்திருக்கும். உதடும் விரலும் மட்டும் வெளியே தெரியும், ஆள் யார் என்பது தெரியாது. தெரியவும் கூடாது என்பது இங்கே பழைய விதி.

குழுவின் நடுவே வருவது பெரிய லாந்தர். மரச்சட்டத்தின் மேல் துணி போர்த்தி, எல்லாப் பக்கமும் ஓவியம் தீட்டி, உள்ளே விளக்கு வைத்தது. மூன்று மீட்டர் உயரம்கூட இருக்கும். நாலு பேர் தோளில் சுமப்பார்கள், அல்லது சக்கரத்தில் உருட்டுவார்கள். இப்படி ஊரில் சுமார் இருநூறு. 19-ஆம் நூற்றாண்டில் தீ விபத்துக்குப் பயந்து கையில் தீப்பந்தம் ஏந்துவதைத் தடை செய்தபோதுதான் கழியில் மாட்டிய லாந்தர்கள் வந்தன. பெரியவையும் சேர்ந்து இன்றைய நிலைக்கு வளர்ந்தன. ஒவ்வொரு குழுவும் அந்த வருடத்துக்கென ஒரு கேலிப் பொருளை எடுத்துக்கொள்ளும்: நகரசபையின் ஒரு முடிவு, பெர்னில் இருக்கும் சுவிஸ் மத்திய அரசாங்கத்தின் ஒரு சொதப்பல், உலக அரசியல். முன்பக்கத்தில் பெரிய படம், ஓரங்களில் பேச்சுவழக்கில் எழுதிய குத்தல் வரிகள். உள்ளிருந்து வெளிச்சம் வரும்போது தூரிகையின் ஒவ்வொரு கோடும் தெரியும். உங்களுக்கு ஜெர்மன் ஓரளவு தெரிந்தாலும் பாசல் பேச்சு புரியாது, அதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். படத்திலேயே பாதி புரிந்துவிடும். அந்த வாரத்து உள்ளூர்ச் செய்தித் தலைப்புகளை ரயிலில் ஒருமுறை பார்த்துவிட்டால் இன்னும் கொஞ்சம் புரியும்.

மரியாதை பற்றி. வேடம் போட வேண்டாம். முகத்தில் வண்ணமும் பூச வேண்டாம். கொலோனிலோ மைன்ஸிலோ பார்வையாளரும் வேடமிட்டு ஆடுவார்கள். இங்கே வேடம் குழுக்காரர்களுக்கு மட்டும், பார்க்க வருகிறவர் சாதாரண உடையில்தான் வருவார். தொப்பியில் கொம்பு, மின்னும் கண்ணாடி எதுவும் வேண்டாம். அடுத்தது, கேமராவின் ஃபிளாஷ். ஊரே விளக்கை அணைத்துவிட்டு நிற்கும்போது ஒருவர் ஃபிளாஷ் அடித்தால் சுற்றியிருக்கிற எல்லோருக்கும் அந்த இருட்டு கெட்டுப்போகிறது. பக்கத்தில் இருப்பவர் உரக்கவே திட்டுவார், அவர் திட்டுவது நியாயம்தான். போனின் டார்ச்சும் அப்படியே. ஃபிளாஷை ரயிலிலேயே அணைத்துவிடுங்கள். குழுவுக்குக் குறுக்கே ஓடி மறுபக்கம் போகக் கூடாது. அவர்களுக்கே வழியுரிமை, நீங்கள் சுவரோடு ஒட்டி நின்றுகொள்ளுங்கள், முன்னால் வருகிறவர்கள் கையால் ஒதுக்கினால் கோபிக்க வேண்டாம். முகமூடிக்குள் இருந்து பார்ப்பவருக்குப் பக்கவாட்டில் ஒன்றும் தெரியாது.

நெஞ்சில் குத்திக்கொள்ள ஒரு பதக்கம் விற்பார்கள், பெயர் பிளகெட்டெ. ஒவ்வொரு வருடமும் புது வடிவம். செம்பு, வெள்ளி, தங்கம், அதற்கும் மேல் ஒரு நகை வகை. செம்பு வாங்கினால் போதும், விலை குறைந்தது அதுதான். இலவசமாகப் பார்க்கிற விழாவுக்கு நுழைவுச்சீட்டு என்று வைத்துக்கொள்ளலாம். கட்டாயமில்லை என்றாலும் வாங்குங்கள். 1910-இல் தொடங்கிய விழாக் குழு இந்தப் பணத்தைத்தான் லாந்தர், உடை, இசைச் செலவுகளுக்காகக் குழுக்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. கோட்டின் மேலே தெரிகிற மாதிரி குத்துங்கள்.

சாப்பாடு. அதிகாலையில் உணவகங்கள் திறந்திருக்கும், உள்ளே கதகதப்பு, வெளியே வரிசை. வழக்கமான உணவு மாவு சூப்: கோதுமை மாவை நல்ல பழுப்பு நிறம் வரும்வரை வறுத்து, வெங்காயம் சேர்த்து, சாறு விட்டுக் கொதிக்கவைத்து, மேலே துருவிய சீஸ் தூவித் தருவார்கள். குளிரில் நின்றுவிட்டு வந்து குடித்தால் உடம்புக்கு உயிர் வரும். ஆனால் அந்தச் சாறு பெரும்பாலும் மாட்டிறைச்சிச் சாறு. உங்கள் தோழி கேட்டுவிட்டுத்தான் வாங்க வேண்டும். காய்கறிச் சாற்றில் செய்கிற இடங்களும் இருக்கின்றன. மாவுத் தட்டில் வெங்காயம் பரப்பிச் சுடும் அடையில் பன்றி இறைச்சித் துண்டுகள் கலந்திருப்பது உண்டு, சீஸ் பரப்பிச் சுடும் அடையில் பொதுவாக இறைச்சி இருக்காது. அது அவருக்குப் பொருந்தும். இன்னொன்று, ஜனவரி முதல் இந்த விழா வரை மட்டும் பேக்கரிகளில் கிடைக்கும் வெண்ணெய் ரொட்டி, ஃபாஸ்தன்வேயெ. மேலே சீரகம் போல ஒரு விதை தூவியிருக்கும், அதன் வாசனை நம் நாக்குக்கு உடனே பிடித்துவிடும். கையிலும் ஏதாவது கொண்டு போங்கள், ஒரு பிளாஸ்கில் சூடான டீயும். வரிசையில் அரை மணி நேரம் நிற்பதைவிட அந்த அரை மணியைச் சந்தில் நடந்து கழிப்பது மேல்.

குளிரைக் குறைத்து எடைபோடாதீர்கள். பிப்ரவரி இறுதியில் அதிகாலை வெப்பம் சுழியத்தையொட்டி இருக்கும், ரைன் ஆற்றிலிருந்து ஈரக்காற்று வரும். சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ வந்து முதல் குளிர்காலத்தைப் பார்க்கிறவர்கள் மேல்கோட்டை நல்லதாக வாங்கிவிட்டு காலைக் கவனிக்கமாட்டார்கள். கல் தரையில் மூன்று மணி நேரம். தடித்த அடிப்பாகம் உள்ள ஷூ, கம்பளிக் காலுறை, அதுதான் முக்கியம். நண்பர்களோடு போனால் பிரிந்துவிட்டால் சேர ஓர் இடம் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள், எல்லோருக்கும் எளிது ரயில் நிலையத்துப் பெரிய மண்டபம். இருட்டில் ஆயிரக்கணக்கானோர் நடுவே ஒருவரை ஒருவர் தேட முடியாது. பணப்பையை உள்பையில் வையுங்கள்.

ஆறரை, ஏழு மணிக்கு வானம் வெளுக்கத் தொடங்கும், லாந்தர்களின் நிறம் மங்கும், குழுக்கள் சூப் குடிக்க ஒதுங்கும். அப்போது நிலையத்துக்கு நடக்கத் தொடங்குங்கள். எட்டு மணிக்குள் ஒரு ரயிலில் ஏறினால் ஒன்பதுக்கு சூரிச், முகம் கழுவி காபி குடித்து 10:15 வகுப்பில் உட்காரலாம். அந்த நாளில் பரிசோதனைக்கூட வேலையோ தேர்வோ மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள், தூக்கம் மதியம் வந்து தள்ளும்.

மீதி விழாவுக்கு என் யோசனை செவ்வாய் மாலை. திங்கள் மாலையிலிருந்து புதன் காலை வரை அத்தனை லாந்தர்களையும் ஆலயச் சதுக்கமான மூன்ஸ்டர்பிளாட்ஸில் நிறுத்தி வைக்கிறார்கள். வகுப்பு முடிந்து ஆறு மணி ரயிலில் வந்தால் இருட்டில் ஒவ்வொன்றையும் அருகில் நின்று, சுற்றி வந்து, நிதானமாகப் பார்க்கலாம். அதிகாலையில் அவை உங்களைக் கடந்து போய்விடும், இங்கே அவை உங்களுக்காக நிற்கும். நீங்கள் பின்னால் நடந்த குழுவின் லாந்தரைத் தேடிக் கண்டுபிடியுங்கள். அதே இரவு குக்கெமூசிக் குழுக்கள் மார்க்ட்பிளாட்ஸ், பார்ஃபூசர்பிளாட்ஸ், கிளாராபிளாட்ஸ் மேடைகளில் வாசிப்பார்கள். டிரம்பெட், டிராம்போன், டிரம்ஸ், காது அடைக்கும் சத்தம். இவர்களுக்கு மோர்கெஷ்ட்ரைக்கில் இடமில்லை, செவ்வாய் இரவு அவர்களுடையது. எனக்குக் குழலும் மத்தளமும்தான் பிடிக்கும். ஆனால் மாணவர்கள் பலருக்கு இந்த இரவுதான் பிடிக்கிறது.

பெரிய ஊர்வலமான கோர்த்தேஜ் திங்களும் புதனும் மதியம் ஒன்றரை மணிக்கு. திங்களன்று விட்டதைப் புதனன்று பார்த்துக்கொள்ளலாம், அதே குழுக்கள்தான். அப்போது எல்லோரும் அந்த வருடப் பொருளுக்கேற்ற முழு வேடத்தில் இருப்பார்கள். நீளத்தாளில் அச்சடித்த கேலிப்பாட்டுச் சீட்டுகளைக் கையில் தருவார்கள், வாங்கி வையுங்கள். வண்டிகளின் மேல் வாகிஸ் என்ற உருவங்கள் நிற்கும்: மிகப் பெரிய மூக்கு, நீலச் சட்டை, மரச்செருப்பு. ஒரு காலத்தில் பக்கத்துப் பிரெஞ்சுப் பகுதியான அல்சாசிலிருந்து காய்கறி விற்க வந்த விவசாயியின் கேலிச்சித்திரம் அது. அவர்கள் ஆரஞ்சு, மிட்டாய், மஞ்சள் மிமோசாப் பூங்கொத்து கொடுப்பார்கள். கூடவே மூட்டை மூட்டையாகக் காகிதத் துகளை மேலே கொட்டுவார்கள். பிளகெட்டெ இல்லாத கோட்டைக் கண்டால் அதிகமாகவே கொட்டுவார்கள். நீங்களும் வாங்கித் தூவலாம் என்று நினைத்தால் ஒரே நிறமுள்ள பை மட்டும் வாங்குங்கள். பல நிறம் கலந்த துகள் என்றால் தரையிலிருந்து அள்ளியது என்று அர்த்தம், அதை எறிவது இங்கே அசிங்கம். வேடமிட்டவர் மீது எறியவும் கூடாது.

தோழிக்கு வர முடியாமல் போனால் தனியாகவே போங்கள், பயப்பட ஒன்றுமில்லை. திரும்பும் ரயில்கள் காலையில் அரை மணிக்கொன்று இருக்கும். சூரிச்சைத் தாண்டியும் போகும் வண்டியாக இருந்தால் போனில் அலாரம் வைத்துக்கொண்டு தூங்குங்கள்.